நியூ ஜெர்சில ஆன்லைன்ல பட்டு வாங்குறவங்க பில்லுல டாக்ஸ் லைனைப் பாருங்க, எனக்கு 254 டாலர் 40 சென்ட் போச்சு

கோவத்துல கை நடுங்குது. இன்னைக்குக் காலையில சேலைக் கடைக்காரங்க அனுப்புன மெசேஜைப் படிச்சுட்டு அப்படியே உட்கார்ந்து டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கங்க. போனது 254 டாலர் 40 சென்ட். திருடன் எடுத்துட்டுப் போகல, பொருள் வராம போகல. "சேல்ஸ் டாக்ஸ்"னு பில்லுல ஒரு வரி போட்டு, அரசாங்கத்தோட பேரைச் சொல்லி என் கையில இருந்து வாங்கியிருக்காங்க. நியூ ஜெர்சில துணிமணிக்கு சேல்ஸ் டாக்ஸே கிடையாது. இல்லாத டாக்ஸை வாங்கிட்டு இப்ப ஸ்டேட் கிட்ட போய் கேளுங்கறாங்க.

கடை பேரு போடல. புகார் கொடுத்திருக்கோம், அது முடியுற வரைக்கும் பேர் வேணாம்னு வீட்ல கண்டிஷனா சொல்லிட்டாங்க. டெக்சாஸ்ல இருந்து நடத்துற நம்ம ஊர்க்காரங்க கடை, வாரக்கடைசில லைவ் போட்டு சேலை காட்டுவாங்க, சொந்த வெப்சைட்டும் உண்டு. இந்த மாதிரி கடைங்க இப்ப நிறைய இருக்கு, அதனால இது யாருன்னு கண்டுபிடிக்க முயற்சி பண்ணாம விஷயத்தை மட்டும் கேளுங்க.

எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம், இங்கயே எடிசன் பக்கத்துல. நான் ஒரே அத்தை. சீர் சேலை, சம்பந்தி வீட்டுக்கு வச்சுக் கொடுக்க வேண்டியது, குட்டிப் பொண்ணுங்களுக்கு பட்டுப்பாவாடை, ஆம்பளைங்களுக்கு வேட்டி சட்டை, எல்லாம் ஒரே இடத்துல எடுத்துடலாம்னு இவங்க கிட்ட போனோம். கடைக்காரப் பொண்ணு வீடியோ கால்ல வந்து ஒவ்வொரு சேலையா தோள்ல போட்டுக் காட்டி, முந்தானையை விரிச்சு, வெளிச்சத்துல கொண்டுபோய் கலர் காட்டி, அவ்வளவு பொறுமை. "அக்கா, உங்க அண்ணன் பொண்ணுன்னா எனக்கும் தங்கச்சி மாதிரிதான்"னு சொன்னா. எங்க அம்மா ஊர்ல இருந்து அதே கால்ல சேர்ந்து பார்த்துட்டு "நல்ல பொண்ணா இருக்காளே"ன்னாங்க. துணி மொத்தம் 3,800 டாலர், ஷிப்பிங் 40 டாலர்.

பில் வந்துச்சு. கீழ "டாக்ஸ் 6.625%"னு போட்டு 254.40 ஏத்தியிருக்கு. நான் உடனே கேட்டேன், பணம் அனுப்புறதுக்கு முன்னாடியே கேட்டேன், இதை நல்லா கவனிங்க. "ஜெர்சில துணிக்கு டாக்ஸ் இல்லையேம்மா, இது எதுக்கு?"ன்னேன். அதுக்கு அவ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இன்னும் என் போன்ல இருக்கு. "ஆமாக்கா, எங்களுக்கும் தெரியும், வெப்சைட்ல சிஸ்டம் தானா போட்டுடுது, இப்ப எடுக்க முடியல. பார்சல் கைக்கு வந்ததும் ஒரு மெசேஜ் போடுங்க, அன்னைக்கே திருப்பி அனுப்பிடுறேன். என் மேல நம்பிக்கை இல்லையாக்கா?"

இதுக்கு மேல ஒரு மனுஷி என்ன கேட்பா? தெரியும்னு அவளே சொல்றா, திருப்பித் தரேன்னும் சொல்றா. அதுல பாதி சேலை ஒரே பீஸ்தான் இருக்கு, இன்னொருத்தங்க கேட்டுட்டே இருக்காங்கன்னு வேற. கார்டுல போட்டா 3% கூட ஆகும்க்கா, பேங்க் ஆப்ல நேரா அனுப்பிடுங்க, உங்களுக்கு நூறு டாலருக்கு மேல மிச்சம்னா. 4,094 டாலர் 40 சென்ட் மொத்தமும் அனுப்பினோம்.

பார்சல் வந்துச்சு. சேலைல குறை சொல்ல மாட்டேன், பொய் சொல்லக்கூடாது, ஜரிகை எல்லாம் நல்லாவே இருந்துச்சு. வந்த அன்னைக்கே மெசேஜ் போட்டேன், ஒரு ஹார்ட் மட்டும் போட்டா. அப்புறம் கேட்டா "அக்கவுண்டன்ட் லீவு". அப்புறம் "மாச கடைசில மொத்தமா ரிவர்ஸ் பண்ணுவோம்". மாசம் முடிஞ்சதும் ஒரு நாள் காலையில பார்த்தா "அக்கா" போய் "மேடம்" ஆயிடுச்சு. "மேடம், டாக்ஸ் விஷயம் எங்க மேனேஜர் பேசுவார்."

மேனேஜர்னு வந்தவர் அவ வீட்டுக்காரர்தான்னு குரல் கேட்ட உடனே தெரிஞ்சுச்சு, லைவ்ல பின்னாடி நின்னு பீஸ் எடுத்துக் கொடுக்கிறவர். அவர் சொன்ன காரணத்தை எல்லாம் வரிசையா சொல்றேன், ஏன்னா உங்க கிட்டயும் இதையேதான் சொல்லுவாங்க.

முதல்ல "டெக்சாஸ்ல எல்லாத் துணிக்கும் டாக்ஸ் உண்டுங்க, நாங்க டெக்சாஸ் கடை". டெக்சாஸ்ல துணிக்கு டாக்ஸ் உண்டுதான், உண்மை. ஆனா ஒரு ஸ்டேட்ல இருந்து இன்னொரு ஸ்டேட்டுக்கு அனுப்புன பொருளுக்கு, பொருள் போய்ச் சேர்ற ஸ்டேட் சட்டம்தான். அதோட டெக்சாஸ் டாக்ஸ்னா ஸ்டேட்டுக்கு 6.25, லோக்கல் சேர்த்தா 8.25 வரைக்கும் வரும். பில்லுல போட்டிருக்கிறது 6.625. இது 2018 ஜனவரில இருந்து எங்க நியூ ஜெர்சி ரேட். சரியா எங்க ஸ்டேட் ரேட்டைப் போடத் தெரிஞ்சவருக்கு எங்க ஸ்டேட்ல துணிக்கு விலக்கு இருக்கிறது மட்டும் தெரியாதாம். கேட்டதும் அஞ்சு செகண்ட் பேச்சு இல்ல.

அடுத்து "2018 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் ஆன்லைன் கடை எல்லாரும் கட்டாயம் டாக்ஸ் வாங்கணும், நாங்க என்ன பண்ண முடியும்"னார். இதைக் கேட்டு நான் கொஞ்சம் பயந்துதான் போனேன், அப்புறம் எங்களுக்கு வருஷா வருஷம் டாக்ஸ் ஃபைல் பண்ற சிபிஏ கிட்ட கேட்டேன். அவர் பொறுமையா விளக்கினார். 1992ல குவில் கேஸ்னு ஒரு தீர்ப்பு, ஒரு ஸ்டேட்ல கடையோ குடோனோ ஆளோ இல்லாத வியாபாரியை டாக்ஸ் வசூல் பண்ணச் சொல்லி அந்த ஸ்டேட் கட்டாயப்படுத்த முடியாதுன்னு சொன்னது. 2018 ஜூன் 21ல சவுத் டகோட்டா வெர்சஸ் வேஃபேர் கேஸ்ல 5க்கு 4னு அதை மாத்திட்டாங்க, கடை இல்லாட்டியும் அந்த ஸ்டேட்ல நிறைய வித்தா வசூல் பண்ணிக் கட்டணும். நியூ ஜெர்சில அது அதே வருஷம் நவம்பர் 1ல இருந்து, வருஷத்துக்கு 1,00,000 டாலருக்கு மேல வித்தாலோ 200 ஆர்டர் வந்தாலோ பதிவு பண்ணணும். இவ்வளவுதான் அந்தத் தீர்ப்பு. யார் வசூல் பண்ணணும்ங்கிறதைத்தான் அது மாத்துச்சு, டாக்ஸே இல்லாத பொருளுக்கு டாக்ஸ் போடச் சொல்லல. எங்க ஸ்டேட்ல 10 டாலர் டீ-ஷர்ட்டுக்கும் விலக்குதான், 1,000 டாலர் காஞ்சிபுரத்துக்கும் விலக்குதான், விலை வரம்பே கிடையாது. ஃபர் கோட்டுக்கு உண்டு. நகை, ஹேண்ட்பேக் மாதிரி ஐட்டத்துக்கு உண்டு. நான் அதுல ஒண்ணுகூட வாங்கல. ஷிப்பிங் 40 டாலருக்கும் சேர்த்து டாக்ஸ் போட்டிருக்காங்க, பொருளுக்கு விலக்குன்னா அதை அனுப்புற செலவுக்கும் விலக்குதான்.

இதை எல்லாம் எழுதி அனுப்புனதுக்கு வந்த பதில்தான் எனக்கு ரத்தம் கொதிச்சது. "சேலை தைச்ச டிரஸ் இல்ல மேடம், அது வெறும் துணி பீஸ், அதனால விலக்குல வராது." நாம காலங்காலமா கட்டுறது உடுப்பு இல்லையாம், சொல்றது யாரு, சேலை வித்துப் பொழைக்கிறவர்! சரி, வாதத்துக்கு துணி பீஸ்னே வச்சுக்குவோம். வீட்டுல உடுப்பு தைக்க வாங்குற துணி, நூல், பட்டன், ஜிப் வரைக்கும் அதே சட்டத்துல விலக்கு கொடுத்திருக்கு. அப்படியே பார்த்தாலும் டாக்ஸ் இல்ல. அப்போ பாவாடை சட்டை? வேட்டி சட்டை? அதுக்குப் பதிலே வரல.

கடைசியா "நாங்க ஸ்டேட்டுக்கு கட்டிட்டோம், நீங்க ஸ்டேட் கிட்ட வாங்கிக்கங்க". கட்டுனதுக்கு ரசீது கேட்டேன். எங்க ஸ்டேட்ல டாக்ஸ் வசூல் பண்றதுக்கு பதிவு பண்ணணும், அதுக்கு சர்ட்டிபிகேட் ஆஃப் அத்தாரிட்டினு ஒண்ணு கொடுப்பாங்க, அதையாவது காட்டுங்கன்னேன். பதிவே பண்ணலன்னா எங்க ஸ்டேட் பேரைச் சொல்லி ஒரு சென்ட் கூட வாங்க உரிமை கிடையாது. இன்னைக்கு வரைக்கும் அந்த சர்ட்டிபிகேட் வரல. வந்தது இன்னைக்குக் காலையில ஒரு மெசேஜ், "100 டாலர் ஸ்டோர் கிரெடிட் தரோம் மேடம், இதோட முடிச்சுக்கலாம்", அதுக்கப்புறம் பிளாக். 254 டாலர் 40 சென்ட்டுக்கு 100 டாலர் கூப்பன், அதையும் அவங்க கடையிலயே செலவு பண்ணணுமாம்.

டாக்ஸ்னு வாங்குற காசு கடைக்காரங்க காசே கிடையாது. அதை அரசாங்கத்துக்காக கையில வச்சிருக்காங்க, அவ்வளவுதான். தப்பா வாங்கியிருந்தா வாங்குனவங்களுக்குத் திருப்பிக் கொடுக்கணும், இல்லன்னா ஸ்டேட்டுக்குக் கட்டணும், பாக்கெட்ல போட்டுக்க மூணாவது வழி இல்ல. இந்த ஒரு கல்யாணத்துல எனக்கே இவ்வளவுன்னா, ஒவ்வொரு லைவ்லயும் ஜெர்சி ஆளுங்க எத்தனை பேர் "புக்டு புக்டு"ன்னு போடுறாங்க, யோசிச்சுப் பாருங்க. 30 டாலர் சேலைல 2 டாலர் போனா யார் கேட்கப் போறா? அதுலதான் இவங்க வண்டி ஓடுது.

பேங்க்ல கேட்டா நீங்களே அனுப்புன பணம், எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. கார்டா இருந்தா டிஸ்ப்யூட் போட்டிருக்கலாம். 3% மிச்சம்னு சொன்னது எதுக்குன்னு இப்ப புரியுது. ஸ்டேட் டாக்ஸ் ஆபீசுக்கும் கன்ஸ்யூமர் அஃபேர்ஸுக்கும் எழுதியாச்சு.

என்ன பண்ணணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனா இப்ப இருக்கிற மனநிலைல முடியல, முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

"அப்புறம் ரிவர்ஸ் பண்றேன்"னு யார் சொன்னாலும் டாக்ஸ் லைன் இல்லாத புது பில் கேளுங்க, அது வந்த பிறகுதான் காசு. பேங்க் ஆப்ல அனுப்பாதீங்க, 3% போனாலும் கார்டு. வாய்ஸ் மெசேஜ், பில் எதையும் அழிக்காதீங்க. பென்சில்வேனியாலயும் சாதாரண உடுப்புக்கு டாக்ஸ் இல்ல. நியூயார்க்ல ஒரு பீஸ் 110 டாலருக்குக் கம்மியா இருந்தா ஸ்டேட் டாக்ஸ் 4% வராது, அதுக்கு மேல போனா உண்டு, அங்க பட்டுக்கு டாக்ஸ் போட்டா சண்டை போட்டுடாதீங்க. மாசசூசெட்ஸ்ல ஒரு பீஸ் 175 டாலர் வரைக்கும் இல்ல, தாண்டுற தொகைக்கு மட்டும்தான். டெலவேர், ஆரெகன், நியூ ஹாம்ப்ஷயர், மொன்டானா, இந்த நாலுலயும் ஸ்டேட் சேல்ஸ் டாக்ஸே கிடையாது, அங்க இருக்கிறவங்க பில்லுல சேல்ஸ் டாக்ஸ்னு வரி வந்தாலே நிறுத்திக் கேளுங்க.

நியூ ஜெர்சி ஆளுங்க, போன தீபாவளி பொங்கல்னு வாங்கின பில் எல்லாம் மெயில்ல தேடி எடுங்க. முதல்ல கடையில எழுத்துல கேளுங்க, தரலன்னா ஸ்டேட்டுக்கு ஏ-3730னு ஒரு ஃபார்ம் இருக்கு, பில்லும் பணம் கட்டின ஆதாரமும் சேர்த்து அனுப்பணும், கட்டின நாள்ல இருந்து 4 வருஷம் வரைக்கும் கேட்கலாம். நான் இன்னைக்கு ராத்திரி அதைத்தான் நிரப்பப் போறேன். இதே மாதிரி டெக்சாஸ் லைவ் கடையில 6.625 போட்டு பில் வந்தவங்க எனக்கு இன்பாக்ஸ்ல சொல்லுங்க, புகார்ல சேர்க்கணும்.