சொந்த டொமைன் மெயிலுக்கு நான்கு வாசல்கள்

கரூரில் திரைச்சீலையும் மேசைவிரிப்பும் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு கம்பெனிக்கு மெயில் சம்பந்தமான வேலைகளை நான்தான் பார்த்துக்கொடுக்கிறேன். ஒரு சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு முதலாளி போன் செய்தார். "தம்பி, மெயில் பக்கமே வர மாட்டேங்குது. பாஸ்வேர்டு கேக்கவே இல்ல, சும்மா சுத்திக்கிட்டே இருக்கு. பையர் எல்சி டிராஃப்ட் அனுப்பியிருக்கான், இன்னிக்கே பாக்கணும்." எல்சி என்பது சரக்குக்குப் பணம் வரும் என்று வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்.

"அண்ணே, ஆபீஸ் வைஃபையை விட்டுட்டு செல்போன் நெட்ல திறந்து பாருங்க" என்றேன். உடனே திறந்தது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் பழைய பாஸ்வேர்டையே ஏழெட்டு முறை அடித்திருக்கிறான். யாரோ திருட முயல்கிறார்கள் என்று நினைத்து, சர்வரின் காவல் மென்பொருளான ஃபயர்வால் அந்த அலுவலகத்தின் ஐபி முகவரியையே பூட்டிவிட்டது. இணையதளமும் அதே சர்வரில் இருந்ததால், அங்கிருந்து பார்த்தால் கம்பெனியின் சொந்தத் தளம்கூடத் திறக்கவில்லை. பூட்டை எடுக்க, அந்த சர்வரை வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனிக்கு டிக்கெட் போட்டோம். பதில் திங்கட்கிழமை வந்தது.

சொந்த டொமைனில், அதாவது கம்பெனி பெயரிலேயே வாங்கிய இணைய முகவரியில், மெயில் வைக்க நினைப்பவர்கள் மாதம் எவ்வளவு, எத்தனை ஜிபி என்று கேட்கிறார்கள். நான் அதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்பேன். பிரவுசரில் எந்த முகவரியை அடிக்க வேண்டும்? வெளியூரில் யாருடைய கணினியிலோ உட்கார்ந்தால் உள்ளே போக முடியுமா? போக முடியவில்லை என்றால் திறந்துவிடப்போவது யார்? பெரும்பாலானோர் தேர்ந்தெடுக்கும் நான்கு வழிகளையும் இந்தக் கேள்விகளை வைத்தே பார்க்கிறேன்.

முதலாவது, இணையதள ஹோஸ்டிங்கோடு சேர்ந்தே கிடைக்கும் சிபேனல் வெப்மெயில். சிபேனல் என்பது ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் மென்பொருள். தனிக் காசு கிடையாது என்பதால் சிறு கம்பெனிகள் பலவும் இதில்தான் ஆரம்பிக்கின்றன. டொமைன் பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடும் 'வெப்மெயில்' என்ற சொல்லும் சேர்த்து அடித்தால் லாகின் பக்கம் வரும். ஆனால் அது 2096 என்ற போர்ட்டுக்கு, அதாவது சர்வரின் அந்த எண்ணுள்ள நுழைவாசலுக்கு, தாவிவிடும். கல்லூரி, வங்கி, ஹோட்டல் நெட்வொர்க்குகளில் இந்த மாதிரிப் போர்ட்டுகளை அடைத்து வைத்திருப்பது சகஜம். அங்கே 'வெப்மெயில்' என்பதை டொமைனுக்கு முன்னால் வைத்து, நடுவில் ஒரு புள்ளியோடு அடித்துப் பாருங்கள். அது வழக்கமான 443 போர்ட்டிலேயே வருவதால் பெரும்பாலும் திறந்துவிடும். யூசர்நேம் இடத்தில் முழு மெயில் முகவரியையும் போட வேண்டும். வெறும் 'இன்ஃபோ' என்று போட்டுவிட்டு, பாஸ்வேர்டு தப்பு என்கிறதே என்று தவிப்பவர்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

உள்ளே போனால் மெயில் படிக்கும் மென்பொருளாக ரவுண்ட்கியூப் இருக்கும். முன்பு ரவுண்ட்கியூப், ஹோர்டே, ஸ்குவிரல்மெயில் என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். இப்போது சிபேனல் ரவுண்ட்கியூப் ஒன்றைத்தான் தருகிறது. நல்ல மென்பொருள், இலவசம், எளிமையானது. ஆனால் அதைப் புதுப்பிப்பது ஹோஸ்டிங்காரர் கையில் இருக்கிறது. 2025 ஜூனில் ரவுண்ட்கியூபில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. லாகின் செய்த ஒருவர் சர்வரிலேயே கட்டளைகளை ஓட்ட முடியும் என்ற அளவுக்கு மோசம். பத்து வருடமாக அந்த மென்பொருளின் நிரலுக்குள் இருந்திருக்கிறது. 1.6.11, 1.5.10 பதிப்புகளில் அடைத்தார்கள். உங்கள் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று நீங்கள் கேட்டால்தான் தெரியும். ஓடிபி மாதிரியான இரண்டாவது பூட்டும் ரவுண்ட்கியூபில் தானாக வருவதில்லை. யாராவது பிளகின் என்ற கூடுதல் மென்பொருளைப் போட்டுத் தர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. எல்லாக் கம்பெனிக்கும் இந்த லாகின் பக்கம் ஒரே மாதிரி இருப்பதால் போலி செய்வது ரொம்பச் சுலபம். 'உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இங்கே லாகின் செய்யவும்' என்று வரும் மெயிலின் லிங்கை அழுத்தினால், அச்சு அசலாக இதே பக்கம் நிற்கும். மேலே உள்ள முகவரியைப் படிக்காமல் பாஸ்வேர்டு போட்டால் போச்சு.

இரண்டாவது, கூகுள் ஒர்க்ஸ்பேஸ். ஜிமெயில் முகவரியையே அடித்து, கம்பெனி மெயில் ஐடியோடு உள்ளே போகலாம். போர்ட் பிரச்சினை எதுவும் இல்லை. வருகிற குழப்பம் வேறு: சொந்த ஜிமெயில் ஏற்கெனவே திறந்திருந்தால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். வலது மூலையில் இருக்கும் படத்தை அழுத்திக் கணக்கை மாற்ற வேண்டும். கம்பெனி மெயிலுக்குப் பிரவுசரில் தனி ப்ரொஃபைல் வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தேன், அந்தத் தொல்லை ஒழிந்தது. புதுக் கணினியில் லாகின் செய்தால் 'நீங்கள்தானா?' என்று செல்போனுக்குக் கேள்வி வரும். செல்போன் தொலைந்துபோனால்? டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டவர்களுக்கு எட்டு இலக்கத்தில் பத்து பேக்கப் குறியீடுகள் கிடைக்கும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அதை பிரிண்ட் எடுத்துப் பர்சில் வைத்திருப்பவர் ஜெர்மனி கண்காட்சிக்குப் போய்ப் போனைத் தொலைத்தாலும் மெயில் பார்த்துவிடுவார்.

மூன்றாவது, நம் ஊர் ஜோஹோ. 2025 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் மெயிலை ஜோஹோவுக்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்த பிறகு, "அதுக்கு மாறலாமா?" என்று என்னிடமே பலர் கேட்டார்கள். ஐந்து பேர் வரை, ஆளுக்கு 5 ஜிபி, ஒரே டொமைன் என்று இலவசத் திட்டம் உண்டு. அதில், வேறு மென்பொருள்களில் மெயில் பார்க்க உதவும் ஐமேப், பாப் கிடையாது. பிரவுசரிலோ ஜோஹோவின் சொந்த ஆப்பிலோதான் பார்க்க முடியும். அவுட்லுக்கோ தண்டர்பேர்டோ வேண்டாம், பிரவுசர் போதும் என்பவருக்கு இது குறையே இல்லை. இந்தியாவில் தொடங்கிய கணக்குக்கு 'டாட் இன்' முகவரியில் லாகின் செய்யப் பழகிக்கொள்ளுங்கள். 'டாட் காம்' பக்கம் வேறு டேட்டா சென்டருக்கு உரியது. இரண்டாவது பூட்டுக்கு ஒன்ஆத் என்று அவர்களே ஒரு ஆப் தருகிறார்கள்.

நான்காவது, மைக்ரோசாஃப்ட் 365. எக்செல்லும் டீம்ஸும் இல்லாமல் வேலை ஓடாது என்கிற அலுவலகங்களுக்கு மட்டும் சொல்வேன். அவுட்லுக் டாட் காம் என்று அடித்தால் தனிநபர் மெயில் பக்கம் வந்து நிற்கும். கம்பெனி மெயிலுக்கு 'அவுட்லுக் டாட் ஆபீஸ் டாட் காம்' என்று அடிக்க வேண்டும். திரையில் வரும் இரண்டு இலக்க எண்ணை ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் போட்டால்தான் கதவு திறக்கும். பொதுக் கணினியில் 'லாகினாகவே இருக்கட்டுமா?' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

டொமைன் காலாவதியானால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். புது மெயில் நான்கிலும் வராது. ஆனால் கூகுள், ஜோஹோ, மைக்ரோசாஃப்ட் மூன்றிலும் லாகின் பக்கம் அவர்களுடைய சொந்த முகவரியில் இருப்பதால், சந்தா உயிரோடு இருக்கும்வரை பழைய மெயில்களைத் திறந்து பார்க்கலாம். சிபேனலில் லாகின் வாசலே உங்கள் டொமைன் பெயரில் நிற்கிறது. டொமைன் போனால் சர்வரின் பெயரைக் கேட்டு வாங்கித்தான் உள்ளே நுழைய வேண்டும். ஹோஸ்டிங்கும் சேர்ந்து முடிந்துபோனால் மெயில்களே போய்விடும்.

அதனால் எல்சியும் ஆர்டரும் வருகிற மெயிலை ஹோஸ்டிங்கோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பது என் தீர்மானமான கருத்து. இணையதளத்து விசாரணைப் படிவத்துக்கு ஒரு முகவரி வேண்டுமா, சிபேனல் போதும். கரூர் கம்பெனியில் மெயில் பார்ப்பவர்கள் நான்கே பேர், எல்லோரும் பிரவுசரில்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஜோஹோவைச் சொன்னேன்.

மாற்றுவதற்கு, டொமைன் எந்த சர்வரைக் காட்டுகிறது என்று குறித்து வைக்கும் டிஎன்எஸ்ஸில், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவைத் திருத்த வேண்டும். அட்மின் பாஸ்வேர்டே தொலைந்துபோனால்கூட, டொமைன் உங்களுடையது என்று கடைசியில் இந்த டிஎன்எஸ் வழியாகத்தான் நிரூபிக்கச் சொல்வார்கள். ஆகவே முதலில் டொமைன் வாங்கிய கணக்கைத் திறக்கச் சொன்னேன். அது யாருடைய மெயிலில் இருக்கிறது என்று அண்ணனுக்கே தெரியவில்லை. தேடிப் பார்த்தால், ஆறு வருடத்துக்கு முன்பு இணையதளம் செய்து கொடுத்துவிட்டுப் போனவருடைய முகவரி. நல்ல மனிதர், போன் செய்ததும் ஓடிபி சொன்னார். கணக்கை அண்ணனுடைய சொந்த ஜிமெயிலுக்கும் செல் நம்பருக்கும் மாற்றினோம். கம்பெனி மெயிலையே அங்கே போட்டால், டொமைன் நின்றுபோகிற அன்றைக்கு, அதை விற்ற ரெஜிஸ்ட்ராரின் ஓடிபி வந்து சேர இடம் இருக்காது. அதை முடித்த பிறகுதான் எம்எக்ஸ் பதிவில் கை வைத்தேன்.