சின்ன ஐரிஷ் வீடு: சுவரோடு அடிக்கும் அலமாரியா, காலில் நிற்கும் அலமாரியா?

அயர்லாந்தில் சின்ன வீட்டை மினிமலிஸ்டாக, அதாவது சாமானைக் குறைத்து எளிமையாக, மாற்றப்போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே படத்தைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். பளீர் வெள்ளைச் சுவர், தரையிலிருந்து கூரைவரை கைப்பிடி தெரியாத அலமாரிக் கதவுகள், நடுவில் ஒரு சோஃபா, ஓரத்தில் ஒரு செடி. படம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் இருக்கும் வீட்டில் வெயில் அடிக்கிறது, சுவர் காய்ந்து கிடக்கிறது. இங்கே கிழக்குக் கரையிலேயே வருடத்துக்குச் சுமார் 150 நாள் மழை, மேற்கில் சில இடங்களில் 225 நாள்வரை. டிசம்பர் கடைசியில் டப்ளினில் பகல் ஏழரை மணி நேரம்தான். அதனால் எந்த இரண்டு பொருளை ஒப்பிட்டாலும் அழகு, விலை இரண்டோடு மூன்றாவதாக ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொள்கிறது: இது வீட்டு ஈரத்தை என்ன செய்யும்?

சின்ன வீடு என்றால் எந்த வீடு என்பதையும் சொல்லிவிடுகிறேன். டப்ளினில் ஸ்டோனிபேட்டர் பக்கம் வரிசையாக நிற்கும் செங்கல் வீடுகள் ஒரு வகை. 1876-இல் தொடங்கிய டப்ளின் ஆர்ட்டிசன்ஸ் டுவெல்லிங்ஸ் கம்பெனி தொழிலாளிகளுக்காகக் கட்டியவை அங்கே நிறைய. கதவைத் திறந்தால் நேராக வரவேற்பறை, அதைத் தாண்டினால் சமையலறை, அவ்வளவுதான். அதே டப்ளினில் கிரம்ளின், கேப்ரா பக்கம் 1930, 40-களில் மாநகராட்சி கட்டிய வீடுகள் இன்னொரு வகை. மூன்றாவது புதிய அபார்ட்மென்ட். ஒரு படுக்கையறை என்றால் 45 சதுர மீட்டரிலிருந்து தொடங்கும். மூன்றுக்கும் ஒரே யோசனை சொல்கிறவரை நம்பாதீர்கள்.

அலமாரிச் சண்டை

சுவரோடு சேர்த்து அடிக்கும் அலமாரியின் பலம் எல்லோருக்கும் தெரியும். மேலே தூசி சேராது, பெட்டிகளை ஏற்றி வைக்க இடமிருக்காது, கண்ணுக்கு அது ஒரு சுவர்போலவே தெரியும். சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட இதைவிட நல்ல வழி கிடையாது. காலில் நிற்கும் அலமாரியோ எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சாமான்தான். அறைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதென்றால் முதலாவதுதான் ஜெயிக்கும்.

ஆனால் தீர்ப்பைச் சுவர்தான் சொல்ல வேண்டும். வரிசை வீட்டில் இடமும் வலமும் பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச்சுவர்கள். அந்தப் பக்கமும் ஆட்கள் குடியிருந்து ஹீட்டிங் போடுவதால் சுவர் ஓரளவு வெதுவெதுப்பாகவே இருக்கும். முன்னும் பின்னும் வெளிச்சுவர்கள். பழைய வீடுகளில் அவை நடுவில் இடைவெளியே விடாத முழுச் செங்கல் சுவர்கள்; பிற்காலத்தில் டப்ளினில் வந்த ஏகப்பட்ட வீடுகளில் ஹாலோ பிளாக், அதுவும் குளிரைத் தடுப்பதில்லை. இப்படிப்பட்ட சுவரை ஒட்டி அலமாரி அடித்தால், ரேடியேட்டர் சூடு பின்பக்கம் போகாது, ஆனால் சமைத்த ஆவியும் குளித்த ஆவியும் மூச்சுக்காற்றும் எப்படியோ புகுந்துவிடும். குளிர்ந்த சுவரில் பட்டதும் தண்ணீராகிவிடும்.

முதலில் தெரிவது வாடைதான். கதவைத் திறந்ததும் பழைய துணி மூட்டையைப் பிரித்த மாதிரி ஒரு முக்கல் வாசனை வரும். அப்புறம் தரைப்பட்டியை ஒட்டிக் கறுப்புப் புள்ளிகள் வந்து மெல்ல மேலே ஏறும். பின்பக்கம் அடித்த மெல்லிய பலகை அலை அலையாக உப்பும். மூலையில் வைத்த தோல் செருப்பிலும் பெல்ட்டிலும் சாம்பல் பச்சையில் பூஞ்சை பூத்திருக்கும். அடித்துவைத்த அலமாரியாக இருந்தால் இதைத் துடைக்கவே ஆசாரியைக் கூப்பிட்டுக் கழற்ற வேண்டும். நிற்கும் அலமாரியாக இருந்தால் இரண்டு பேர் பிடித்து இழுத்து, சுவரைத் துடைத்து, திரும்பத் தள்ளும்போது ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

ஆகவே என் கணக்கு இதுதான்: பொதுச்சுவர் என்றால் யோசிக்காமல் அடித்துவிடுங்கள், வெளிச்சுவர் என்றால் கால் வைத்தது மட்டும். வரிசை வீடுகளில் புகைபோக்கி வழக்கமாகப் பொதுச்சுவரில்தான் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் உள்வாங்கியிருக்கும் குழிகள் அலமாரிக்கென்றே விட்டவை போல. ஆழம் போதவில்லை என்று சிலர் அவற்றை விட்டுவிடுகிறார்கள். சட்டையைக் குறுக்கே மாட்டத்தான் 55, 60 சென்டிமீட்டர் வேண்டும். புத்தகத்துக்கும் மடித்த துணிக்கும் மளிகைக்கும் 35 தாராளம். மாடிப்படிக்குக் கீழே இழுப்பறைகள் அடிப்பதும் இதே கணக்கில் சரி. ஆனால் வரிசையின் கடைசி வீடாக இருந்தால் ஒரு பக்கச்சுவர் முழுக்க வெளிச்சுவர். அந்தப் பக்கத்துக் குழியைத் திறந்த தட்டுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கதவு வேண்டாம். சுவரில் வட்டமாகவோ சதுரமாகவோ காற்றுத் துளை இருந்தால் அதை மறைத்து எதையும் வைக்கக் கூடாது. குளிர்காற்று வருகிறது என்று டேப் ஒட்டி அடைக்கிறவர்கள் நிறையப் பேர், பூஞ்சை எங்கிருந்து வந்தது என்று கேட்பதும் அவர்களேதான்.

செலவைக் குறைக்க நடுவழி ஒன்று உண்டு: டப்ளின் பாலிமனில் 2009-இல் திறந்த ஐக்கியா கடையில் பேக்ஸ் என்ற, நாமே பூட்டிக்கொள்ளும் அலமாரிச் சட்டங்களை வாங்கி, பக்கங்களுக்குப் பலகை அடித்து, சுவரோடு அடித்ததுபோலக் காட்டுவது. நல்ல யோசனைதான், ஆனால் வாங்குமுன் கூரையை அளந்துகொள்ளுங்கள். உயரமான சட்டம் 236 சென்டிமீட்டர், ஆழம் 58. தரையில் படுக்கவைத்துப் பூட்டி நிமிர்த்தினால் நடுவில் மூலைவிட்டம் 243-ஐத் தொடும். கூரையோ பல வீடுகளில் 240தான். நிற்க வைத்தே பூட்ட வேண்டும், அல்லது 201 உயரச் சட்டத்தை வாங்கி மேல் இடைவெளியைப் பலகையால் மூட வேண்டும். புதிய அபார்ட்மென்டில் சுவருக்குள் இன்சுலேஷனும் காற்றை இழுக்கும் மின்விசிறியும் சேர்ந்தே வருவதால் இந்தச் சுவர்ப் பஞ்சாயத்து பெரிதாகக் கிடையாது. அங்கே விலையையும் எத்தனை வருடம் இருக்கப்போகிறீர்கள் என்பதையும் பார்த்தால் போதும்.

வெள்ளையா, வேறு நிறமா

வெள்ளை அடித்தால் வெளிச்சம் கூடும் என்பது பாதி உண்மை. இருக்கும் வெளிச்சத்தைத்தான் அது திருப்பியனுப்பும். டிசம்பர் நடுப்பகலில் டப்ளினில் சூரியன் அடிவானத்திலிருந்து 13 டிகிரிதான் ஏறுகிறது. எதிர்வரிசையில் ஆறு மீட்டர் உயர வீடு இருந்தால் அதன் நிழல் 25 மீட்டருக்கு நீளும், குறுகிய தெருவில் கீழ்த்தளத்துக்கு நேர் வெயில் என்பதே வராது. மேகத்திலிருந்து வரும் நீலம் கலந்த வெளிச்சத்தில் சுத்த வெள்ளை, சாம்பலாகத்தான் தெரியும். ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்த உணர்வு.

வடக்கு பார்த்த அறைக்குப் பழுப்பும் மஞ்சளும் லேசாகக் கலந்த வெளிர் நிறம் வெள்ளையைவிட எப்போதுமே மேல். மாலையில் மட்டும் உட்காரும் அறை என்றால் இன்னும் துணிந்து செம்மண், களிமண் மாதிரி ஆழமான நிறத்துக்குப் போகலாம், கூரைக்கும் அதையே அடித்தால் அறை சிறுத்துத் தெரியும் என்ற பயம் வீண். விளக்கில் எண்ணிக்கை முக்கியமில்லை: கூரையில் பதித்த ஆறு பல்புகளுக்குப் பதில் 2700 கெல்வின், அதாவது இதமான மஞ்சள் வெளிச்சம் தரும், பல்பு போட்ட மூன்று மேசை விளக்குகள் போதும். பழைய வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு அப்படியே இருந்தால், அதன்மேல் பிளாஸ்டிக் கலந்த வினைல் பெயின்டை அடிக்காமல் சுவர் மூச்சுவிடும் பெயின்டாகக் கேட்டு வாங்குங்கள்.

துணி காயவைக்கும் ஸ்டாண்ட்

வீட்டில் பாதிச் சாமானைத் தர்மக்கடைக்கு (தர்மத்துக்காகப் பழைய சாமான் விற்கும் கடை) கொடுத்த பிறகும் வீடு அடைசலாகவே இருக்கிறது என்று புலம்புகிறவர்கள், வரவேற்பறையில் அக்டோபரில் விரித்து ஏப்ரலில் மடக்கும் துணி ஸ்டாண்டைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. ஒரு மெஷின் துணியிலிருந்து ஒன்றிரண்டு லிட்டர் தண்ணீர் அறைக் காற்றில்தான் கலக்கிறது. மேலே சொன்ன அலமாரிப் பூஞ்சைக்குத் தீனி அதுதான்.

டம்பிள் டிரையர் வேலையைச் சட்டென்று முடிக்கும், ஆனால் இன்னொரு மெஷினுக்கு இடம் எங்கே? ஹீட் பம்ப் வகை மின்சாரம் குறைவாக எடுக்கும், விலை கூடுதல். என் ஓட்டு, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபயருக்கு. சின்ன அறை ஒன்றில் ஸ்டாண்டோடு அதை வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் துணியும் காயும், வீடும் காயும். கம்ப்ரசர் வகை 15 டிகிரிக்கு மேல் இருக்கும் அறையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். ஹீட்டிங் போடாத அறைக்கு ஈரம் உறிஞ்சும் பொருளை வைத்து இயங்கும் டெசிகன்ட் வகை, அது மின்சாரம் கூடக் குடிக்கும். கடைசிக் கட்ட ஈரத்துக்கு ஹாட் பிரஸ் இருக்கவே இருக்கிறது. வெந்நீர்த் தொட்டி நிற்கும் அந்த அலமாரியைப் பெட்டி போட்டு வைக்கும் கிடங்காக்கியிருந்தால், முதலில் அதைக் காலிசெய்யுங்கள்.

கணப்பு

திறந்த கணப்பு, விறகு எரித்து அறையைச் சூடாக்கும் மூடிய ஸ்டவ், இரண்டும் வேண்டாம் என்று மூன்று வழி. திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும். ஸ்டவ் பலமடங்கு மேல், சந்தேகமில்லை. ஆனால் அதைச் சுற்றி இடம் விட வேண்டும், காய்ந்த விறகு அடுக்க இடம் வேண்டும், சின்ன வீட்டில் அந்த விறகே அடைசல். புகை நிலக்கரி விற்பனை டப்ளினில் 1990-லேயே நின்றது. 2022 அக்டோபர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. ஹீட்டிங் ஒழுங்காக இருக்கும் வீடென்றால் வார்ப்பிரும்புச் சட்டத்தை அழகுக்கு வைத்துக்கொண்டு, கொஞ்சம் காற்றோட்டம் விட்டுப் புகைபோக்கியை அடைப்பதுதான் என் தேர்வு.

மற்றவை சின்னச் சின்னத் தீர்ப்புகள். சமையலறைத் திறந்த தட்டா, கதவா என்றால் கதவு. தாளிக்கிற வீட்டில் திறந்த தட்டு ஒரே மாதத்தில் பிசுபிசுக்கும். இதே காரணத்துக்காக, சமையலறைச் சுவரை இடித்து ஒரே கூடமாக்குவதைவிட இடையில் கண்ணாடிக் கதவு போடுவது நல்லது. ஜன்னலுக்குக் கீழே ரேடியேட்டர் இருந்தால் தரைவரை தொங்கும் திரை சூட்டைக் கண்ணாடிக்கே அனுப்பும். திரையின் பின்பக்கம் இன்னொரு துணி வைத்துத் தைத்து ஜன்னல் மேடையோடு நிறுத்துங்கள். பத்து மெத்தைத் தலையணைக்குப் பதில் ஒரு நல்ல கம்பளிப் போர்வை. மேற்கே மேயோ மாவட்டத்தில் ஃபாக்ஸ்ஃபோர்ட் கம்பளி ஆலை 1892-லிருந்து நெய்கிறது.

சோஃபா கம் பெட் வாங்குகிறவர்கள் காசில்பார் பக்கம் டர்லோ பார்க்கில் இருக்கும் கிராம வாழ்க்கை அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம். பழைய ஐரிஷ் குடிசைகளில் பகலில் சாய்வு பெஞ்ச், இரவில் விரித்தால் பெட்டிக்கட்டில் என்று செட்டில் பெட் இருந்தது; வேலை முடிந்தால் சுவரோடு மடித்துவிடும் மேசையும் இருந்தது. இன்றைக்கு விற்கும் சோஃபா கம் பெட்டில் பாதிக்கு மேல் உட்காரவும் வசதியில்லை, படுக்கவும் வசதியில்லை. விருந்தாளி வருடத்தில் நாலு நாள்தான் என்றால் நல்ல சோஃபாவும் சுருட்டி வைக்கும் மெத்தையும் போதும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் பாதி ஒத்துவராது, ஏனென்றால் இங்கே வாடகை வீடுகள் பெரும்பாலும் சாமானோடு வரும், ஓட்டை போட அனுமதியும் வேண்டும். அவர்கள் எதையும் வாங்குமுன் வீட்டுக்காரரின் பிரம்மாண்டத் தோல் சோஃபாவையும் தேவையில்லாத கட்டிலையும் எடுத்துக்கொள்ளச் சொல்லி ஈமெயிலில் கேட்க வேண்டும். பதில் வரும்வரை எதையும் தூக்கிப் போடாதீர்கள், டெபாசிட்டில் கழித்துவிடுவார்கள்.