டர்பனிலிருந்து தஞ்சாவூர் வரை: தூரமும் நேரமும்

தென்னாப்பிரிக்காவில் நாம் வாழும் டர்பனுக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தூரம், மிகக் குறுகிய பாதையில் அளந்தால், ஏறத்தாழ 7,100 கிலோமீட்டர்தான். நேரடி விமானம் ஒன்று இருந்தால் ஒன்பது மணி நேரத்தில் போய் இறங்கிவிடலாம். அது இல்லாததால், கிங் ஷாகா விமான நிலையத்தில் ஏறும் நம்மவர்களில் பலர் துபாய் வழியைத்தான் நாடுகிறார்கள். டர்பன்–துபாய் சுமார் 6,600 கிலோமீட்டர், துபாய்–சென்னை சுமார் 2,900 கிலோமீட்டர் என்று கூட்டினால், 2,400 கிலோமீட்டர் வெறும் சுற்று. வானில் இருப்பதே பன்னிரண்டரை மணி நேரம் ஆகிறது. 1860இல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு மதராசிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' கப்பல் இங்கு வந்து சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று என்பதை நினைத்தால், இதைக் குறையாகச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பயணச்சீட்டில் அச்சாகும் நேரங்கள் அந்தந்த ஊர் நேரங்கள். இந்திய நேரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், போகும்போது பயணம் உள்ளதைவிட நீண்டதாகவும் திரும்பும்போது குறுகியதாகவும் தோன்றும்.

உண்மையில் பயணத்தை இனிதாக்குவதும் கெடுப்பதும் இடையில் விமானம் மாறும் நேரமே. என்னுடன் வந்த பக்கத்து வீட்டு ஆயா, பழனி முருகனைப் பார்க்க முதல் முறையாக இந்தியா வந்தவர். அவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று பயண முகவரிடம் முன்னதாகவே எழுதிக் கொடுத்திருந்தும், அவர் அதைப் பதிவு செய்யவே இல்லை. டர்பனில் முகப்பிலேயே சொன்னதால் நாற்காலி உடனே கிடைத்தது. தள்ளி வந்த ஊழியர் விமான வாசலில் ஆயாவின் கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். துபாயில் பட்டியலில் பெயர் இல்லாததால் மீண்டும் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. "தம்பி, நான் நடந்தே வாரேன்" என்று ஆயா எழுந்துகொண்டார். நாற்காலி வருவதற்குள் அவரை உட்கார வைப்பதே பெரும்பாடாயிற்று. மூன்று மணி நேர இடைவெளி இருந்ததால் தப்பித்தோம். முதியவர்களோடு போகிறவர்கள் ஒன்றரை மணி நேர இணைப்பை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காமல் இருப்பதே நல்லது.

துபாய்க்குப் பதிலாக எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபா வழியாகப் போக நினைப்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் குறித்து முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும்.

சென்னையில் குடியேற்ற வரிசை விரைவாகவே நகர்ந்தது. அதன்பின் தஞ்சாவூருக்குச் சாலை வழியே ஏறக்குறைய 340 கிலோமீட்டர், ஏழு மணி நேரம்! துபாயிலிருந்து திருச்சிக்கே விமானம் உண்டு, அங்கிருந்து தஞ்சாவூர் ஒன்றேகால் மணி நேரம்தான். ஆனால் தனிச் சீட்டாக வாங்கினால் பெட்டிகளை நாமே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். அதற்காக வெளியே வர, தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு அமீரக விசாவும் தேவைப்படும். ஆயாவை அழைத்துக்கொண்டு அந்த வழியில் போக எனக்குத் துணிவில்லை.