ஒரே பெயர், மூன்று பொருள்: லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, விண்டோஸ் சாக்கெட் ஆப்ஷன்கள்

சி மொழியில் எழுதிய ஒரு சிறிய டிசிபி சர்வரை (நெட்வொர்க் இணைப்புகளை ஏற்கும் நிரலை) லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி, விண்டோஸ் என்ற மூன்று இயங்குதளங்களில் நிரந்தரமாக எதில் ஓட்டுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. மூன்றிலும் கம்பைல் செய்து பார்த்துவிட்டு லினக்ஸை எடுத்தேன். காரணம் வேகம் இல்லை. பழைய பிராசஸை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலை) நிறுத்திப் புதியதை எழுப்பும்போது அதே போர்ட் (இணைப்புகள் வந்து சேரும் எண்) உடனே கிடைக்க வேண்டும்; பழையது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் கிடைக்கவே கூடாது. எனக்கு இதுதான் முக்கியம்.

சாக்கெட் என்பது நிரல் நெட்வொர்க்கோடு பேசும் முனை; அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் அமைப்புகள்தான் சாக்கெட் ஆப்ஷன்கள். அவற்றில் சில்லறை வேறுபாடுகளை முதலில் முடித்துவிடுகிறேன். ரிசீவ் டைம்அவுட்டை (தரவு வரக் காத்திருக்கும் நேரத்தை) விண்டோஸ் மில்லிசெகண்ட் எண்ணாகக் கேட்கும், மற்ற இரண்டும் விநாடி, மைக்ரோவிநாடி என இரண்டு எண்கள் கொண்ட டைம்வால் ஸ்ட்ரக்டாகக் கேட்கும். லினக்ஸில் ரிசீவ் பஃபரை (வந்த தரவு தங்கும் இடத்தை) 64 கேபி என்று வைத்துவிட்டுத் திரும்பக் கேட்டால் 128 என்று பதில் வரும். கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) தன் கணக்குவழக்குக்கும் சேர்த்து இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. இதையெல்லாம் ஒரு ஹெடர் ஃபைலில் அடக்கிவிடலாம்.

ரீயூஸ்அட்ரஸ், அதாவது முகவரியையும் போர்ட்டையும் மறுபடி பயன்படுத்த அனுமதி கேட்கும் ஆப்ஷன், அப்படி அடங்காது. இணைப்பை முதலில் மூடும் பக்கம் கொஞ்ச நேரம் டைம்-வெயிட் நிலையில் நிற்கும். லினக்ஸில் அது 60 விநாடி. அதற்குள் சர்வரை மறுபடி எழுப்பினால் பைண்ட், அதாவது போர்ட்டைப் பிடிக்கும் முயற்சி, தோற்கும். ரீயூஸ்அட்ரஸ் போட்டால் வழிவிடும். ஆனால் வேறொரு சாக்கெட் அங்கே லிசன் செய்துகொண்டிருந்தால் (புதிய இணைப்புகளுக்குக் காத்திருந்தால்) அப்போதும் மறுத்துவிடும். இந்த மறுப்புதான் எனக்குப் பாதுகாப்பு. ஃப்ரீபிஎஸ்டியும் இந்த விஷயத்தில் ஏறக்குறைய இதே மாதிரிதான்.

விண்டோஸில் டைம்-வெயிட்டைத் தாண்டப் பொதுவாக இந்த ஆப்ஷனே வேண்டாம். போட்டாலோ, ஏற்கெனவே லிசன் செய்யும் போர்ட்டிலேயே இரண்டாவது சாக்கெட்டும் உட்கார்ந்துகொள்ளும். வரும் இணைப்பு யாருக்குப் போகும் என்பது உறுதியில்லை என்று மைக்ரோசாஃப்ட் ஆவணமே சொல்கிறது. பழைய பிராசஸ் சாகாமல் இருக்க, புதியது எந்தப் பிழையும் காட்டாமல் எழுந்து நிற்கும். போர்ட்டை வேறு யாரும் பகிராதபடி பூட்டும் எக்ஸ்க்ளூசிவ்அட்ரஸ்யூஸ் ஆப்ஷனைப் போட்டால் இதைத் தடுக்கலாம், விண்டோஸ் என்டி 4.0 சர்வீஸ் பேக் 4 முதலே அது இருக்கிறது. ஆனால் நாளைக்கு யாராவது லினக்ஸ் உதாரணத்திலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து ஒட்டினால்? ஒவ்வொரு ரிவ்யூவிலும் அந்த வரியைத் தேடிக்கொண்டிருக்க எனக்கு மனமில்லை.

சரி, ஃப்ரீபிஎஸ்டியை ஏன் விட்டேன்? ஒரே போர்ட்டைப் பல பிராசஸ்கள் பகிர விடும் ரீயூஸ்போர்ட் ஆப்ஷனுக்காக. லினக்ஸ் 3.9 முதல், அதாவது 2013 முதல், ஒரே யூசரின் பல பிராசஸ்கள் ஒரே போர்ட்டில் லிசன் செய்யலாம். கெர்னலே இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் அதே பெயர் இன்னும் பழையது, ஆனால் பகிர்வு கிடையாது. அதற்கு 12.0-இல் வந்த ரீயூஸ்போர்ட்-எல்பி என்ற தனி ஆப்ஷன் வேண்டும். அதை நான் சில வாரங்கள், லேசான சுமையில்தான் ஓட்டினேன். அதனால் அது மட்டம் என்று சொல்ல மாட்டேன்.

லினக்ஸிலும் ஒரு ஓட்டை உண்டு. ஒரு பிராசஸ் தன் லிசன் சாக்கெட்டை மூடினால், அதன் வரிசையில் அக்செப்ட் ஆகாமல் (நிரல் இன்னும் எடுத்துக்கொள்ளாமல்) காத்திருந்த இணைப்புகள் அறுந்துபோகும். 5.14 கெர்னலில் வந்த டிசிபி-மைக்ரேட்-ரெக் என்ற சிஸ்கண்ட்ரோல் (கெர்னல் அமைப்பு) அவற்றை அடுத்த பிராசஸுக்கு மாற்றிவிடும். இயல்பில் அது அணைந்தே இருக்கும். நீங்களும் இந்த வழியில் போனால் முதலில் அதை 1 ஆக்குங்கள்.