அமெரிக்க ராணுவப் பள்ளியில் ஆசிரியர் வேலை: பணம் கேட்பவர்களிடம் கவனம்

"ஜெர்மனி, ஜப்பான், குவைத் ஆகிய நாடுகளில் உள்ள அமெரிக்க ராணுவ முகாம் பள்ளிகளில் ஆசிரியர் வேலை. வீட்டு வாடகை இலவசம், சம்பளத்துக்கு வரி கிடையாது, இடம் எங்கள் பொறுப்பு." இப்படி ஒரு விளம்பரம் அமெரிக்கத் தமிழர்களின் வாட்ஸாப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. டெக்சஸில் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்தும் ஆசிரியை ஒருவர் இதை நம்பி நான்கு தவணையில் பணத்தை இழந்திருக்கிறார். கோவையில் பி.எட். படித்தவர், பின்பு அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதிப் பயனில்லை. ஒரு பெயர் கெட்டுப்போனதும் வேறு பெயரில் வந்துவிடுவார்கள். எந்த இடத்தில் என்ன சொல்லிப் பணம் கேட்டார்கள், அதே இடத்தில் உண்மையான நடைமுறை என்ன என்பதைத் தெரிந்துகொண்டால் போதும்.

விளம்பரத்திலேயே ஒரு பொய் இருக்கிறது. இந்தப் பள்ளிகளை நடத்துவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் கல்விப் பிரிவான டோடியா. தலைமையகம் வர்ஜீனியாவில் அலெக்ஸாண்ட்ரியா. வெளிநாட்டில் அதற்குப் பள்ளி இருப்பது ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பெல்ஜியம், நெதர்லாந்து, ஸ்பெயின், துருக்கி, பஹ்ரைன், ஜப்பான், தென்கொரியா, கியூபாவின் குவான்டனாமோ ஆகிய இடங்களில். வளைகுடாவில் பஹ்ரைன் மட்டும்தான். குவைத்திலும் கத்தாரிலும் பெரிய அமெரிக்க முகாம்கள் இருப்பது உண்மை. ஆனால் அங்கே டோடியா பள்ளி கிடையாது. "கத்தாரில் உடனடி காலியிடம்" என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

முதல் தவணை "பதிவுக் கட்டணம்", 150 டாலர். விண்ணப்பிக்க ஒரு சென்ட் கூடத் தேவையில்லை. டோடியாவின் சொந்தத் தளம் டோடியா டாட் இடியு. அறிவிப்புகள் வருவது கூட்டாட்சி அரசின் யுஎஸ்ஏஜாப்ஸ் தளத்தில். இந்த வேலைகளை இடைத்தரகர் வழியாக நிரப்பும் ஏற்பாடே இல்லை, ஆகவே "எங்களுக்கென்று ஒதுக்கிய இடங்கள்" என்பதும் இல்லை. பணத்தைவிட இங்கே பெரிய சேதம் வேறு. யுஎஸ்ஏஜாப்ஸுக்குள் நுழைய லாகின் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் கணக்கு வேண்டும். அதை விளம்பரம் கொடுத்த ஏஜென்ட் தன் மின்னஞ்சலிலும் தன் போன் எண்ணிலும் திறந்துகொண்டார். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக் குறியீடும் அந்த எண்ணுக்குத்தான் போகும். விண்ணப்பம் உண்மையிலேயே போனதா, கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்ததா என்று ஆசிரியையால் பார்க்கவே முடியவில்லை. அந்தக் கணக்கில் இருந்ததோ அவருடைய சோஷியல் செக்யூரிட்டி எண், சான்றிதழ்கள், வேலை வரலாறு. லாகின் டாட் கவ் கணக்கை உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போனில், நீங்களே திறங்கள். உதவி செய்கிறேன் என்று வருபவர் சொந்தக்காரராகவே இருந்தாலும் கடவுச்சொல் கொடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, "பட்ட மதிப்பீடு", 480 டாலர். மற்றவை முழுப் பொய். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் பலரும் இங்கே விழுகிறார்கள். வெளிநாட்டில் படித்தவரின் பட்டம் அமெரிக்கப் பட்டத்துக்கு இணையானது என்று மதிப்பீட்டு நிறுவனம் ஒன்று சான்றளிக்க வேண்டும் என்பது மெய்யான விதி. ஆனால் எல்லா நிறுவனத்தின் தாளும் செல்லாது. நேசஸ் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனக் கூட்டமைப்பில் உறுப்பினரா என்பதை அந்தக் கூட்டமைப்பின் தளத்திலேயே பார்த்துவிட வேண்டும். டபிள்யூஇஎஸ், இசிஇ என்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் இரண்டும் நேசஸ் உறுப்பினர்கள். ஏஜென்ட் கொடுத்தது பொன்னிற முத்திரை குத்திய ஒரே ஒரு பக்கம். பாடவாரியாகக் கிரெடிட் கணக்கே அதில் இல்லை. ஆசிரியர் வேலைக்கு எந்தப் பாடத்தில் எத்தனை செமஸ்டர் ஹவர், அதாவது எத்தனை கிரெடிட் என்றுதான் பார்ப்பார்கள். ஆகவே பாடவாரி மதிப்பீடுதான் வேண்டும், "பொது" மதிப்பீடு போதாது.

இதில் காலத்தை விழுங்குவது மதிப்பீட்டு நிறுவனம் அல்ல, நம் ஊர்ப் பல்கலைக்கழகம். டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராக, சீல் வைத்த உறையிலோ மின்னணு வழியிலோ போக வேண்டும். நம் கையில் இருக்கும் நகலை நாமே ஸ்கேன் செய்து அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008-இல்தான் தொடங்கியது. அதன்கீழ் பி.எட். முடித்தவர்கள் அங்கே கேட்க வேண்டும். அதற்கு முன் முடித்தவர்கள் அப்போது கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்ததோ அங்கே. இளங்கலைப் பட்டம் வேறு பல்கலைக்கழகம் என்றால் இரண்டு இடத்திலும் தனித்தனியாக. ஊரில் ஒருவரை நேரில் அனுப்பிப் பின்தொடரச் சொல்லாமல் இது நகராது. அறிவிப்பு வந்த பிறகு ஆரம்பித்தால் கடைசித் தேதி கடந்துவிடும்.

மூன்றாவது, "செக்யூரிட்டி கிளியரன்ஸ் கட்டணம்". குழந்தைகளோடு பழகும் கூட்டாட்சி ஊழியர் எவருக்கும் பின்னணிச் சோதனை கட்டாயம். 1990-ஆம் ஆண்டுக் குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் வந்த விதி அது. கைரேகையும் எடுப்பார்கள். ஆனால் சோதனைக்கான செலவு அரசுடையது. அதற்கான படிவத்தின் இணைப்பு முதல் ஆஃபருக்குப் பிறகு அரசு முகவரியிலிருந்து வரும். டாட் மில், டாட் கவ், அல்லது டோடியா டாட் இடியு என்று முடியாத எந்த முகவரிக்கும் பிறந்த தேதியைக்கூட அனுப்பாதீர்கள். "டாப் சீக்ரெட் கிளியரன்ஸ் வாங்கித் தருகிறோம்" என்பது வெறும் மிரட்டல் மொழி. கணக்கு வாத்தியாருக்கு ராணுவ ரகசியம் எதற்கு?

நான்காவதுதான் பேரிழப்பு. டெலிகிராமில் எழுத்திலேயே ஒரு "நேர்காணல்" நடத்தினார்கள். முகமும் இல்லை, குரலும் இல்லை. மறுநாள் முத்திரையோடு ஆஃபர் கடிதம். அதற்கடுத்து வீட்டுக்கே ஒரு கேஷியர்ஸ் செக், அதாவது வங்கியே எழுதித் தருவது போன்ற காசோலை: "இடமாற்ற முன்பணம். வங்கியில் போட்டு, உங்கள் பங்கை வைத்துக்கொண்டு, மீதியை ஜெர்மனியில் கைசர்ஸ்லவுட்டர்னில் வீடு பார்க்கும் ஏஜென்ட்டுக்கு அனுப்புங்கள்." செக் போட்ட ஓரிரு நாளில் வங்கி பணத்தைக் கணக்கில் காட்டும், ஏனென்றால் சட்டம் அப்படி. ஆனால் செக் போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். தெரிந்ததும் வங்கி முழுத் தொகையையும் திருப்பி எடுக்கும். அனுப்பிய பணம் போனது போனதுதான்.

உண்மையில் இடமாற்றம் எப்படி நடக்கும்? வீட்டுச் சாமான்களை அரசு ஒப்பந்ததாரர் வந்து கட்டி எடுத்துப் போவார். எடைக்கு உச்ச வரம்பு 18,000 பவுண்டு. போய்ச் சேர்ந்த பிறகு வீடு கிடைக்கும்வரை தற்காலிகத் தங்குமிடப் படி. பிறகு வாடகைக்கும் கரண்ட், தண்ணீர் செலவுக்குமான குடியிருப்புப் படி, அதாவது எல்க்யூஏ. அதற்கு எஸ்எஃப்-1190 என்ற படிவத்தை அங்கே போய் நிரப்ப வேண்டும். சம்பளம் போலவே வங்கிக் கணக்கில் ஏறும். ஊர் கிளம்பும் முன் தபாலில் செக் வரும் ஏற்பாடு எதுவும் கிடையாது.

எல்க்யூஏ எல்லோருக்கும் உண்டு என்பதும் தவறு. அமெரிக்காவிலிருந்து தேர்ந்தெடுத்து அழைத்துப் போகப்படுபவருக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும். ராணுவத்தில் இருக்கும் கணவரோடோ மனைவியோடோ ஏற்கெனவே அங்கே போய், உள்ளூரில் வேலைக்குச் சேர்பவர் "லோக்கல் ஹயர்". அவருக்குப் பொதுவாக அந்தப் படி இல்லை. சில முகாம்களில் படிக்குப் பதிலாக அரசு வீடே தருவார்கள். "டூரிஸ்டாகப் போய் அங்கிருந்து விண்ணப்பித்தால் சீக்கிரம் கிடைக்கும்" என்று ஏஜென்ட் சொன்ன யோசனை ஒருவேளை பலித்திருந்தாலும் மிஞ்சியது படியில்லாத வேலைதான்.

வரி பற்றிய பேச்சும் அப்படியே. வெளிநாட்டில் தனியார் வேலை பார்க்கும் அமெரிக்கர்களுக்கு வருமான வரியில் ஒரு விலக்கு இருக்கிறது. அமெரிக்க அரசே கொடுக்கும் சம்பளத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. சம்பளத்தைப் பேரம் பேசி ஏற்றித் தருவதாகச் சொல்வதையும் நம்ப வேண்டாம். படிப்பும் அனுபவமும் வைத்து அட்டவணைப்படி வரும் சம்பளம் அது. அட்டவணை பொதுவில் இருக்கிறது. அனுபவச் சான்றுக் கடிதத்தில் தேதிகளும் முழுநேரமா பகுதிநேரமா என்பதும் சரியாக இருந்தால் படிநிலை உயரும். பேரத்தால் உயராது.

மோசடி என்று சொல்ல முடியாத, ஆனால் காசுக்குக் கேடான சேவை ஒன்றும் உண்டு: ரெஸ்யூமே எழுதித் தருபவர்கள். ஐந்தாறு பக்கத்துக்கு அறிவிப்பில் உள்ள வாசகங்களையே அள்ளிப் போட்டுக் கொடுப்பார்கள். 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து யுஎஸ்ஏஜாப்ஸ் ரெஸ்யூமேவுக்கு இரண்டு பக்க வரம்பு. பழைய வடிவத்தை இன்னும் விற்பவர் விதியைப் படிக்கவே இல்லை என்று பொருள். அதைவிட ஆபத்து, விண்ணப்பக் கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் "நிபுணர்" என்று டிக் செய்துவிடுவது. ரெஸ்யூமேவில் அதற்கு ஆதாரம் இல்லையென்றால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம். தெரிந்தே பொய் சொன்னால் அது கூட்டாட்சிக் குற்றம். மாட்டிக்கொள்வது கையெழுத்துப் போட்ட நீங்கள், எழுதிக் கொடுத்தவர் அல்ல. ரெஸ்யூமேவில் விடுபடக் கூடாதவை எளியவை: ஒவ்வொரு வேலைக்கும் தொடங்கிய மாதம், முடிந்த மாதம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்த வகுப்பு, எந்தப் பாடம். ஆண்கள் 1959-க்குப் பிறகு பிறந்தவர்களானால் செலெக்டிவ் சர்வீஸ், அதாவது தேவைப்பட்டால் ராணுவத்துக்கு அழைப்பதற்கான பதிவு பற்றியும் கேட்பார்கள். 26 வயதுக்கு மேல் குடியேறியவர் பதிவு செய்ய வேண்டியிருக்கவில்லை என்பதற்கு, நாட்டுக்குள் நுழைந்த தேதியைக் காட்டும் ஆவணம் கையில் இருக்கட்டும்.

இந்த விஷயத்தில் ஆசிரியைக்கு நேர்ந்த கடைசி இழப்பு வேலை. போலிக் கடிதத்தை நம்பி ராஜினாமா செய்துவிட்டார். கடிதம் உண்மையாக இருந்திருந்தாலும் அது தப்புதான். டோடியாவில் முதலில் வருவது டென்டேட்டிவ் ஆஃபர், அதாவது இன்னும் உறுதியாகாத வேலைக் கடிதம். பின்னணிச் சோதனை, உடற்பரிசோதனை, சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் முடிந்த பிறகே உறுதியான ஃபர்ம் ஆஃபர். இரண்டுக்கும் நடுவில் மாதங்கள் ஓடலாம். பாதி வழியில் நின்றும் போகலாம். இன்னொரு பக்கம், டெக்சஸில் ஆசிரியர் ஒப்பந்தத்தை அபராதமின்றி விடுவதென்றால் பள்ளி திறப்பதற்கு 45 நாள் முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். தாண்டினால் பள்ளி மாவட்டத்தின் சம்மதம் வேண்டும். இல்லாமல் விட்டால் லைசென்ஸுக்கே பிரச்சினை வரலாம். மற்ற மாநிலங்களுக்கு வேறு வேறு கெடு. ஃபர்ம் ஆஃபர் கெடுவுக்குள் வராவிட்டால், பள்ளி நிர்வாகத்தோடு முன்கூட்டியே பேசி எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது. சேர்ந்த பின்னும் ஒன்று: முதல் பள்ளி ஆண்டை முடிக்காமல் திரும்பினால் அரசு செலவழித்த பயணத் தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு: டோடியாவில் ஆசிரியராக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். கிரீன் கார்டு கூடப் போதாது, இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வழியே இல்லை. இந்த வேலையைச் சொல்லிச் சென்னையிலோ திருச்சியிலோ யார் பணம் கேட்டாலும் அது மோசடி. வேறு வெளிநாட்டு வேலையானாலும் ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இமைக்ரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் முதலில் வங்கியைக் கூப்பிடுங்கள், அதே நாளில். கிரெடிட் கார்டில் போயிருந்தால் டிஸ்ப்யூட் போடலாம். வயர் டிரான்ஸ்ஃபரிலோ, ஸெல் (Zelle) என்ற பணம் அனுப்பும் சேவையிலோ, கிஃப்ட் கார்டிலோ போனது திரும்புவது அரிது. அமெரிக்காவில் நுகர்வோர் புகார்களைப் பார்க்கும் எஃப்டிசியிடமும் எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் தளமான ஐசி3-யிலும் புகார். இந்தியாவில் சைபர் குற்ற உதவி எண் 1930. சோஷியல் செக்யூரிட்டி எண் போயிருந்தால் கடன் வரலாற்றைப் பதியும் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் மூன்றிலும் தனித்தனியாகக் கிரெடிட்டை ஃப்ரீஸ் செய்யுங்கள், இலவசம்தான். வருமான வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் ஐபி பின் என்ற அடையாள எண்ணை வாங்கிவிட்டால் உங்கள் பெயரில் வேறொருவர் மின்னணு வழியில் வரிக் கணக்குத் தாக்கல் செய்ய முடியாது. வாட்ஸாப் உரையாடலையும் போலிக் கடிதத்தையும் அழித்துவிடாதீர்கள், புகாரோடு அவற்றையும் இணைக்க வேண்டும்.