புது ஏர் ரைஃபிள் ஏமாற்றினால்: திருப்பிக் கொடுப்பதா, பழக்குவதா, பிரிப்பதா, மாற்றுவதா?

ஆசைப்பட்டு வாங்கிய ஏர் ரைஃபிள் முதல் நாளே குண்டுகளைத் தாறுமாறாகச் சிதறவிட்டால் மனசு விட்டுப்போகும். முதன்முதலாக வாங்குபவர்கள் பெரும்பாலும் எடுப்பது குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகை என்பதால் அதை வைத்தே பேசுகிறேன். வாங்கியவர் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், பின்வாங்க முடியாத எதையும் துப்பாக்கிக்குச் செய்துவிடக் கூடாது.

திருப்பிக் கொடுப்பதா, பழக்குவதா என்பதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு பக்கம் கெடு ஓடுகிறது. இன்னொரு பக்கம், புது ஸ்பிரிங் ரைஃபிள் முதல் சில நூறு குண்டுகள் வரை நிலைக்கு வராது என்பதும் உண்மை. தொழிற்சாலையில் பூசிய எண்ணெய், காற்றை அழுத்தும் அறைக்குள் தீப்பிடிப்பதால் புகை, வெடிச் சத்தம், ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு வேகம் என்று வரும். எண்ணெய் எரிந்து தீர்ந்ததும் இது தானாக அடங்கும். அதனால் புகையைப் பார்த்துப் பயந்து திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

அப்புறம், சிதறலுக்குக் காரணம் பல நேரம் துப்பாக்கிக்கு வெளியே இருக்கும். முதலில் மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகாணிகளைப் பாருங்கள். ஸ்பிரிங் ரைஃபிள் பின்னால் உதைத்து, உடனே முன்னாலும் உதைக்கும். அந்த இரட்டை அதிர்வில் திருகாணி தளர்வது சகஜம். அதே அதிர்வுதான் சாதாரண ஸ்கோப்பையும் கெடுக்கும். ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, குழல் மேலேயே இருக்கும் இரும்புக் குறிகாட்டியில் குறிபார்த்துச் சுடுங்கள். சிதறல் குறைந்தால் குற்றவாளி ஸ்கோப் அல்லது அதன் பிடிப்பு.

பிடிக்கும் விதத்தையும் பாருங்கள். ஸ்பிரிங் தள்ளிக் காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னே பாயும்போது, குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி நகரத் தொடங்கிவிடும். இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி தடுக்கிறோம். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா கிடத்தி, தோளிலும் கன்னத்திலும் லேசாகத் தொட்டுக்கொண்டு சுட்டுப் பாருங்கள். கெட்டியான மேடையில் நேராக வைத்துச் சுட்டால் துள்ளும். நான்கைந்து வகை பெல்லட்டையும் (ஏர் ரைஃபிள் குண்டு) முயன்று பார்க்க வேண்டும். ஒரே குழலில் ஒரு வகை சிதறும், இன்னொன்று ஒரே துளைக்குள் போகும். வாங்கும் முன் இதைச் சொல்லவே முடியாது.

இத்தனையும் செய்த பிறகும் சரியாகவில்லை என்றால் பழக்கிக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. சில குறைகளுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. குழலை மூடும்போது தானாகச் சுடுவது, பாதுகாப்புப் பூட்டு பிடிக்காதது, மூடிய குழல் பக்கவாட்டில் ஆடுவது, கட்டையில் விரிசல்: இவற்றில் எது இருந்தாலும் அன்றே சுடுவதை நிறுத்திவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். மூடும்போது சுடும் துப்பாக்கி விரலையே எடுத்துவிடும். சந்தேகம் தீர இன்னொரு முறை பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். சுடும்போது குழல் மடங்கும் இடத்தில் மெல்லிய டிஷ்யூத் துண்டு ஒன்றை வைத்துப் பார்த்து, அது துள்ளினால் அங்கே காற்றை அடைக்கும் வளையமான சீல் கசியவிடுகிறது. சீல் மாற்றுவது சின்ன வேலைதான். ஆனாலும் புதுத் துப்பாக்கி என்றால் அதை உத்தரவாதத்தின் கீழ் செய்யச் சொல்வதே நியாயம்.

வேகம் குறைவு என்று மட்டும் குறைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. பெட்டியில் நொடிக்கு 1000 அடி என்று இருந்தால், அது பெரும்பாலும் எடை குறைந்த உலோகக்கலவைக் குண்டில் எடுத்த அளவு. 5 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டுக்கு அந்த வேகம் என்றால் ஆற்றல் சுமார் 15 ஜூல். அதே ஆற்றலில் 8 கிரெய்ன் ஈயக் குண்டு நொடிக்கு 790 அடி அளவில்தான் போகும். துப்பாக்கியில் பழுது எதுவும் இல்லை. பெட்டியில் குண்டின் எடையைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் அச்சிடுவதுதான் தவறு. வாங்குபவரை அது வீணாகக் கலங்கவைக்கிறது.

மூன்றாவது வழி பிரிப்பது. நல்ல கைகளில் இது அருமையான வேலை: சரியான இடத்தில் சரியான மசகு, ஸ்பிரிங்குக்குள் நின்று அதை நேராகப் பிடிக்கும் இறுக்கமான உள்வழிகாட்டி என்று போட்டால் அதிர்வும் கிண்ணென்ற ஓசையும் நன்றாகக் குறையும். ஆனால் துப்பாக்கியை ஏற்றாமல் வைத்திருக்கும்போதும் உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் இருக்கிறது. அதை அடக்கிப் பிடிக்கும் அழுத்தி இல்லாமல் பின்பகுதியைப் பூட்டியிருக்கும் முள்ளைக் கழற்றினால் பின்பகுதி முகத்துக்கு நேராகப் பாயும். பிரித்ததும் உத்தரவாதமும் பெரும்பாலும் போய்விடும். சக்தியைக் கூட்ட வலுவான ஸ்பிரிங் போடுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன். உதை கூடும், சீல் சீக்கிரம் போகும், பல நாடுகளில் சட்டம் வைத்திருக்கும் ஜூல் வரம்பையும் தாண்டிவிடலாம்.

கடைசி வழி, விற்றுவிட்டு வேறு வகைக்கு மாறுவது. ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு தள்ளும் கேஸ் பிஸ்டனுக்குப் போனால் ஸ்பிரிங் ஓசை இருக்காது. உதையும் பிடிப்புச் சிக்கலும் அப்படியே தொடரும் என்பதால், பிடிக்கப் பழகாமல் அதற்கு மாறுவது வீண். காற்றை முன்கூட்டியே அடைத்து வைக்கும் பி.சி.பி. வகையில்தான் உதை அநேகமாகக் காணாமல் போகிறது. 10 மீட்டர் ஒலிம்பிக் போட்டியில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 0.5 மில்லிமீட்டர். அங்கே இன்று சுடுவது இந்த வகைதான். ஆனால் 200 பார் அழுத்த அளவுக்குக் காற்றடிக்க தனி பம்போ சிலிண்டரோ வேண்டும், காற்றை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் காலப்போக்கில் கசியும். துப்பாக்கி விலையோடு இந்தச் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டு மாறுங்கள்.

எந்த வழிக்குப் போனாலும் சுட்ட அட்டைகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஒவ்வொன்றிலும் பெல்லட்டின் பெயர், தூரம், தேதி எழுதி வையுங்கள். கடைக்காரர் பழுதே இல்லை என்று மறுத்தால் அவர் முன் நீட்ட அதுதான் ஆதாரம். விற்கும்போது வாங்க வருபவரிடமும் அதையே காட்டலாம்.