சொந்தக் கண்ணாடிக்கடை: ஃபிரான்சைஸா, பழைய கடையா, புதுக்கடையா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சில ஆண்டுகள் சம்பளத்துக்கு நின்று தொழில் கற்ற ஆப்டிஷியன் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் கேட்பது இதைத்தான்: பெரிய நிறுவனத்தின் கிளையை ஃபிரான்சைஸாக (அதன் பெயரில் நடத்தி, அதற்கொரு பங்கு செலுத்தும் முறையில்) எடுப்பதா, டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஓய்வு பெறப் போகிறவரின் கடையை வாங்குவதா, அல்லது புதிதாகத் திறப்பதா? பழைய கடையை வாங்குங்கள் என்பேன். மற்ற இரண்டு வழிகளிலும் நியாயம் உண்டு. ஆனால் கணக்கு இதன் பக்கம்தான் சாய்கிறது.

எந்த வழியானாலும் முதலில் உங்கள் தொழில் பதிவின் எல்லையைப் புரிந்துகொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்டும் டிஸ்பென்சிங் ஆப்டிஷியனும் சுகாதாரத் தொழில்களுக்கான ஒரே கவுன்சிலில், ஒரே வாரியத்தின் கீழ் வருகிறார்கள். ஆனால் வேலை வேறு. இங்கே குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் நான்கு ஆண்டு படித்துவரும் ஆப்டோமெட்ரிஸ்ட் கண்ணைச் சோதித்துப் பவர் எழுதுகிறார். ஆப்டிஷியன் அந்தச் சீட்டின்படி பிரேமையும் லென்ஸையும் பொருத்திக் கொடுக்கிறார். ஆகவே ஆப்டிஷியனின் கடை, கண் சோதிக்கும் ஒருவரை நம்பியே நடக்கிறது. அவர் ஒரு நாள் விலகினால் என்ன செய்வது என்பதற்கு, கடைக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பதில் இருக்க வேண்டும். இன்னொன்று: ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் மாமா முதல் போட முன்வந்தால் மகிழ்ச்சி, ஆனால் அவரைப் பங்காளி ஆக்கிவிடாதீர்கள். பதிவு இல்லாதவரோடு கூட்டுத்தொழில் நடத்துவதையும் கட்டணத்தைப் பங்கிடுவதையும் கவுன்சிலின் நெறிமுறை விதிகள் அனுமதிப்பதில்லை. மாமா கடனாகக் கொடுக்கட்டும், எழுத்துப்பூர்வமாக.

ஃபிரான்சைஸின் பலம் வெளிப்படையானது. மாலுக்கு வருகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்தே உள்ளே நுழைகிறார்கள். லென்ஸும் பிரேமும் மொத்த விலையில் கிடைக்கின்றன. மெடிக்கல் எய்டுக்கு (உறுப்பினர்களின் மருத்துவச் செலவை ஏற்கும் திட்டத்துக்கு) பில் அனுப்பும் முறையைக் கற்றுத் தருகிறார்கள். தெரிந்த பெயர் என்பதால் வங்கியும் காது கொடுத்துக் கேட்கிறது. ஆனால் தலைமை நிறுவனத்துக்குச் செலுத்தும் பங்கு பொதுவாக விற்றுமுதலில் கணக்கிடப்படுகிறது, லாபத்தில் அல்ல. கையில் ஒன்றும் நிற்காத மாதத்திலும் அது போய்விடும். அதன்மேல் மால் வாடகை, ஆண்டுதோறும் அதன் ஏற்றம், ஞாயிற்றுக்கிழமையும் திறந்தாக வேண்டிய கட்டாயம். இங்கே சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது: 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பாகத் தகவல் ஆவணத்தை உங்களிடம் தர வேண்டும், கையெழுத்திட்ட பிறகும் 10 வேலை நாளுக்குள் ரத்து செய்யலாம். ஆவணத்தைக் கணக்காளர் ஒருவர் படிக்கட்டும். நீங்கள் தேட வேண்டிய வரி ஒன்றுதான்: ஒப்பந்தம் முடிந்தால் வாடிக்கையாளர் பதிவுகள் யாருக்குச் சொந்தம், அதே வட்டாரத்தில் நீங்கள் மறுபடி கடை வைக்கலாமா?

அந்தப் பதிவுகளை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. பல மெடிக்கல் எய்டு திட்டங்கள் கண்ணாடிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பணம் தருகின்றன. இன்று கண்ணாடி வாங்கிப் போகிறவர் 24 மாதம் கழித்தே திரும்ப வருவார். பழைய கடையில் ஒவ்வொரு மாதமும் இரண்டு ஆண்டுக்கு முன் வந்தவர்களின் முறை வந்துகொண்டே இருக்கும். ஒரு தொலைபேசி அழைப்பு போதும். புதுக்கடைக்கு அந்த வரிசையே கிடையாது. அது உருவாகும்வரை இரண்டு ஆண்டு வாடகையைக் கையிலிருந்து கட்ட வேண்டும்.

சாட்ஸ்வொர்த்தில் இதற்கு இன்னொரு ஆழம் இருக்கிறது. இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த நிறவெறிக் காலக் குழுப் பகுதிச் சட்டத்தால் 1960களில் குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட ஊர் அது. பாட்டி, மகள், பேத்தி மூவரின் பதிவு அட்டையும் ஒரே அலமாரியில் இருக்கும். அங்கே ஒரு கடையில் சனிக்கிழமை கவுண்டருக்குப் பின்னால் நின்றிருந்தேன். புது புரோகிரசிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்கும் பவர் மாறும் ஒரே லென்ஸ்) போட்டால் படி இறங்கும்போது தரை மிதக்கிறது என்று ஒரு பாட்டி வந்தார். கடைக்காரர் லென்ஸைக் குறை சொல்லவில்லை. கண்ணாடியை அவர் முகத்தில் வைத்து, நேரே பார்க்கச் சொல்லி, கண்மணிக்கு நேராக மார்க்கரால் புள்ளி வைத்தார். பிரேம் ஏறி உட்கார்ந்திருந்தது. அருகில் பார்ப்பதற்கான கீழ்ப்பகுதி இரண்டு மில்லிமீட்டர் மேலே வந்து நடக்கும் பார்வையை மறைத்தது. மூக்குத் தாங்கிகளை விரித்து, பிரேமை இறக்கி, காதுப் பக்கம் வளைத்துக் கொடுத்தார். பாட்டி வாசல் படியில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, "பேத்திக்கும் போர்டு தெரியலன்னு டீச்சர் சொல்றாங்க, திங்கக்கிழமை கூட்டி வரேன்" என்றார். கடைக்காரர் காசு வாங்கவில்லை. இதைத்தான் விலை கொடுத்து வாங்கச் சொல்கிறேன்.

விலை பேசும்போது மட்டும் கண்டிப்பாக இருங்கள். ஆண்டுக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பிரேம்களை வாங்கின விலைக்கு எடுக்காதீர்கள். வருமானத்தில் எவ்வளவு மெடிக்கல் எய்டிலிருந்து வருகிறது, எவ்வளவு ரொக்கம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் பெயரில் பிராக்டிஸ் எண் (பில்லில் குறிப்பிட வேண்டிய அடையாள எண்) கிடைக்கும்வரை மெடிக்கல் எய்டிடம் நேரடியாகப் பணம் கோர முடியாது என்பதால் அந்த விண்ணப்பத்தை முதலிலேயே போட்டுவிடுங்கள். பதிவு அட்டைகள் பெட்டியோடு கைமாறும் சரக்கு அல்ல. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, கடை கைமாறுவதை வாடிக்கையாளர்களுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும்.

புதுக்கடையைச் சுருக்கமாகவே சொல்லலாம். சுற்றுவட்டாரத்தில் கண்ணாடிக்கடையே இல்லாமல், கண் சோதிக்கும் கணவரோ மனைவியோ உங்களோடு இருந்தால் அது நல்ல வழி. லென்ஸ் வெட்டும் இயந்திரத்தை உடனே வாங்க வேண்டாம், வேலையை லென்ஸ் வெட்டித் தரும் லேபுக்கு அனுப்புங்கள். லேபுக்குப் பணம் மாதாமாதம் போகும், மெடிக்கல் எய்டு பணம் சில வாரம் தாமதமாக வரலாம். அந்த இடைவெளிக்கு ரொக்கம் ஒதுக்கி வையுங்கள்.

பழைய கடை என்று முடிவு செய்தால், விற்கிறவர் ஆறு மாதமாவது உங்களோடு கவுண்டரில் நின்று, வருகிறவர்களிடம் உங்களைப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்த வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பணத்தில் ஒரு பகுதியை அந்த ஆறு மாதம் முடிந்த பிறகே கொடுங்கள். இதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு கடை பாருங்கள்.